ஓடுனது அவன், அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைச்சுச்சு? – இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கும் ஐபிஎல் அணிகள நடத்துறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வாரியத்துல பொறுப்புல இருக்குற பெரியவங்களுக்கும், ஐபிஎல் அணிக்காரங்களுக்கும் வணக்கம். உங்க ஆட்டக்காரங்க யாரையாவது நோகடிச்சா நீங்க எடுக்குற நடவடிக்கையப் பத்தி ஒரு கேள்வி கேக்கத்தான் இந்த மடல்.

நான் கோலாலம்பூர், செந்தூல். வாரம் பூரா ஒரு கூரியர் கம்பெனில ஸ்டோர் பாக்குறேன், ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுப் பக்கத்து பாடாங்ல, அதான் திடல்ல, பிள்ளைங்களுக்கு கிரிக்கெட் சொல்லித் தர்றேன், பதினொரு வருஷமாச்சு. மலேசியால உக்காந்துக்கிட்டு இந்திய வாரியத்துக்கு எதுக்குய்யா மடல்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்விதான். உங்க ஊர்ல ஏழரைக்கு முதல் பந்து போடும்போது இங்க ராத்திரி பத்து மணி. மேட்ச் முடிய ஒன்றரை ஆயிடும், காலைல ஆறு மணிக்கு எழுந்து எல்ஆர்டி ரயில் புடிக்கணும், அப்படி இருந்தும் மாமாக் கடைல (இங்க உள்ள இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒரே ஒரு தே தாரிக் டீ வாங்கி வச்சுக்கிட்டு மஞ்சச் சட்டையோட கடைசி பந்து வரைக்கும் உக்காந்திருக்குற கூட்டம் நாங்க. 2016, 2017 ரெண்டு வருஷம் சென்னை இல்லாம ஐபிஎல் நடந்தப்ப அதே கடைல டிவிய நிமிந்துகூட பாக்காம சாப்புட்டுப் போனோம். பெட்டிங் விவகாரத்துல லோதா கமிட்டி குடுத்த தண்டனை அது. தப்பு எங்களோடது இல்ல, கஷ்டத்துல மட்டும் பங்கு வந்துச்சு. ஆனா அந்தத் தண்டனை வேண்டாம்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல, இன்னைக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. உங்க பெரிய ஆட்டக்காரங்கள பெரிய ஆளா ஆகுறதுக்கு முன்னாடியே பாத்தவங்க நாங்க. 1998ல காமன்வெல்த் போட்டி இங்க நடந்தப்ப கிரிக்கெட்டும் இருந்துச்சு, சச்சின் இந்த ஊருக்கு வந்து ஆடிட்டுப் போனாரு. 2008 மார்ச் 2, ஞாயித்துக்கிழமை, கின்றாரா ஓவல்ல பத்தொம்பது வயசுக்குட்பட்டவங்க உலகக்கோப்பை பைனல். அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு பொதுத்தேர்தல், வழி நெடுக கட்சிக் கொடியா தொங்குது, அதுக்கு நடுவுல அப்பாவ மோட்டார்ல பின்னாடி உக்கார வச்சு கூட்டிட்டுப் போனேன். இந்தியா 159க்கு அவுட்டு, நடுவுல மழை வேற, கடைசில 12 ரன்ல ஜெயிச்சாங்க. விராட் கோலிதான் கேப்டன், ஜடேஜாவும் அந்த டீம்ல. அப்பா திரும்பி வரும்போது சொன்னாரு, இந்தப் பையனுக்கு கோபம் ஜாஸ்தியா இருக்கு, நல்ல ஆளு கைல இருக்கணும்னு. நல்ல ஆளு கைல இருக்கணும். அந்த வார்த்தைய வச்சுத்தான் இந்த மடலே எழுதுறேன், ஏன்னா அந்தக் கை உங்க கை.

அதே வருஷம் ஏப்ரல் 25, மொகாலி. முதல் ஐபிஎல் ஆரம்பிச்சு ஒரு வாரந்தான் ஆச்சு. மேட்ச் முடிஞ்சு கை குடுக்குற நேரத்துல ஹர்பஜன் ஸ்ரீசாந்த அறைஞ்சாரு, ஸ்ரீசாந்த் அழுதத உலகமே பாத்துச்சு. நீங்க சும்மா இருக்கல, அந்த சீசன்ல மிச்சமிருந்த மேட்ச் எதுவும் ஆடக் கூடாதுன்னு தடை போட்டீங்க, காசும் போச்சு. கணக்கு முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சோம். 2025ல ஹர்பஜன் நம்ம அஸ்வின்கிட்ட பேசும்போது என்ன சொன்னாருன்னா, ரெண்டு பேரும் எப்பவோ ராசியாகிட்டாங்களாம், ஆனா ஸ்ரீசாந்தோட சின்னப் பொண்ணுகிட்ட ஆசையா பேசப் போனா அது, நீ எங்கப்பாவ அடிச்ச, உன்கிட்ட பேச மாட்டேன்னு சொல்லிருச்சாம். மனசு உடைஞ்சு போச்சுன்னு அவரே சொல்றாரு. அந்தப் புள்ள அப்ப பொறக்கவே இல்ல. அப்புறம் கொஞ்ச நாள்லயே அத்தன வருஷம் வெளிய வராம இருந்த அந்த வீடியோவயும் ஐபிஎல்ல ஆரம்பிச்ச லலித் மோடியே வெளிய விட்டாரு, அந்தக் குடும்பம் மறுபடி முதல்லேர்ந்து பட்டுச்சு. நீங்க போட்ட தடைல ஒரு குறையும் இல்ல, ஆனா அடி வாங்கின வீட்டுப் பக்கம் யாராவது ஒருத்தர் போனீங்களா, இதுதான் என் கேள்வி.

2019க்கு வர்றேன். ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் டிவி நிகழ்ச்சில பேசுனது. அந்தப் பேச்ச இங்க திரும்ப எழுத எனக்கு இஷ்டமில்ல, பொம்பளைங்கள பத்தி பேசக் கூடாத பேச்சு, அதிகமா பேசுனது பாண்டியா. ஆஸ்திரேலியால இருந்த ரெண்டு பேரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பினீங்க. ஜனவரி 11 சஸ்பெண்டு, 24ஆம் தேதி நீக்கியாச்சு. விசாரணை நிலுவைல இருக்கு. ஏப்ரல் 15ஆம் தேதி உலகக்கோப்பை டீம் அறிவிச்சீங்க, ரெண்டு பேர் பேரும் இருக்கு. அஞ்சு நாள் கழிச்சு 20ஆம் தேதிதான் வாரியத்தோட குறைதீர்ப்பாளர் நீதிபதி ஜெயின் தீர்ப்பு, ஆளுக்கு 20 லட்சம் அபராதம். அதுல 10 லட்சம் பணில உயிர விட்ட துணை ராணுவக் காவலர்கள்ல பத்துப் பேரோட குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு லட்சம், மிச்சம் 10 லட்சம் பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு.

நல்ல காரியம், ரெண்டுமே. அந்தக் குடும்பங்களுக்கு நூறு மடங்கு குடுத்தாலும் தகும். ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க, பேசுனது பொண்ணுங்கள பத்தி, மனசு நொந்தது பொண்ணுங்க, அந்தக் காசுல ஒரு ரூபா எந்தப் பொண்ணு பக்கமாவது போச்சா? கிரிக்கெட் ஆடுற பொண்ணுங்களுக்கு, ஸ்கோர் போடுற பொண்ணுங்களுக்கு, மைதானத்துல மைக்க புடிச்சுக்கிட்டு ஆட்டக்காரங்கள பேட்டி எடுக்குற பொண்ணுங்களுக்கு, யாருக்காவது? அவங்கள்ல ஒருத்தர கூப்பிட்டு, உங்களுக்கு இதக் கேட்டப்ப எப்படி இருந்துச்சு, என்ன செஞ்சா மனசு ஆறும்னு கேட்டீங்களா? அப்ப வாரியத்த நடத்துன நிர்வாகக் குழுல டயானா எடுல்ஜி இருந்தாங்க, இந்திய பெண்கள் அணிக்கே கேப்டனா இருந்தவங்க, விடாம நடவடிக்கை கேட்டவங்க அவங்கதான். அவங்களும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. ராகுல் பிற்பாடு ஒரு பேட்டில, அது தன்னை ரொம்பவே பாதிச்சுச்சுன்னு மனசு விட்டு சொன்னாரு, நான் அத நம்புறேன், அந்தப் பையன் மேல எனக்கு வன்மம் ஒண்ணும் இல்ல. அவருக்கு நடந்தத அவரு சொல்லிட்டாரு, நாமளும் கேட்டோம். இன்னொரு பக்கம் யாருமே பேசலயே.

இத நான் கோபத்துல மட்டும் எழுதல. நானும் இதையேதான் செஞ்சேன், அத சொல்லாம உங்கள கேக்க எனக்கு யோக்கியதை இல்ல.

2025 பிப்ரவரி 2. கிள்ளான் பண்டமாரான்ல பாயுமாஸ் ஓவல், பத்தொம்பது வயசுக்குட்பட்ட பெண்கள் டி20 உலகக்கோப்பை பைனல். பள்ளி லீவு, பிள்ளைங்கள ஒரு வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். இந்தியா தென்னாப்பிரிக்காவ 82க்கு சுருட்டிட்டு 9 விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சுச்சு, த்ரிஷா ஒத்த ஆளா பேட்டுலயும் பந்துலயும் ஆடித் தள்ளுச்சு, தமிழ்நாட்டு கமலினி டீம்ல இருக்குன்னு எங்க பொண்ணுங்க தொண்ட கிழியக் கத்துனாங்க. எங்க நாட்டுப் பிள்ளைங்க அந்தப் போட்டில இந்தியாகிட்ட 31க்கு அவுட்டு ஆனவங்க, அதுல ஒண்ணும் வெக்கமில்ல, ஆடுனாங்களே. என்கூட வந்ததுல ஒரு பிள்ளை, பதினாறு வயசு, ஆட்டத்த விட ஸ்கோர் போடுறவங்கள பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வைட ஏன் அப்படி எழுதுறாங்க, லெக் பை யார் கணக்குன்னு. அடுத்த வாரமே எங்க டீமுக்கு அந்தப் பிள்ளைதான் ஸ்கோரர். மூணு கலர் பென்சில், ஒரு அழிரப்பர், ஒரு ஓவர்கூட தப்பினதில்ல. எங்ககிட்ட இருந்த பழைய ஸ்கோர் புக்க எல்லாம் எடுத்துட்டுப் போய் கூட்டல் தப்ப திருத்திக் கொண்டு வந்துச்சு.

எங்க டீம்ல ஒரு பவுலர். பதினேழு வயசு, நல்ல வேகம், நான் பாத்து வளந்த பையன். அந்தப் பிள்ளையோட போட்டோவ எடுத்து அசிங்கமா எழுதி ஸ்டிக்கர் பண்ணி பசங்க வாட்சப் குரூப்ல போட்டுட்டான். எல்லாரும் சிரிச்சிருக்கானுங்க. ஞாயித்துக்கிழமை காலைல மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி அது என்கிட்ட வந்து, அங்கிள் இதப் பாருங்கன்னு போன நீட்டுச்சு, வேற ஒண்ணும் சொல்லல. நான் கொதிச்சுப் போய் அவன வெயில்ல பத்து ரவுண்டு ஓடவிட்டேன். எல்லார் முன்னாடியும் கத்துனேன். போன்ல இருந்து அழிக்கச் சொன்னேன். அடுத்த வாரம் எங்களுக்கு செமி பைனல். அவன வெளிய உக்கார வைக்கலாமான்னு ராத்திரி யோசிச்சேன், பொய் சொல்ல மாட்டேன், யோசிச்சுட்டு, ஓடிட்டான்ல, போதும்னு முடிவு பண்ணேன். அவன் நாலு விக்கெட் எடுத்தான். ஜெயிச்சோம். அவன தூக்கி சுத்துனோம், நானும் கட்டிப் புடிச்சேன். அந்தப் பிள்ளை அன்னைக்கு வரல, எஸ்பிஎம் பரீட்சைக்குப் பாடம் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம் அதோட அம்மா வந்தாங்க. பிளாஸ்டிக் பைல ஸ்கோர் புக்கு, மூணு பென்சில், கிளப் டீ சட்டை துவச்சு மடிச்சு. நான் படபடன்னு, கண்டிச்சுட்டேன் அக்கா, பத்து ரவுண்டு ஓடவிட்டேன், மூச்சு வாங்கிக் கீழ உக்காந்துட்டான்னு சொன்னேன். அந்தம்மா குரல ஒசத்தல. "ஓடுனது அவன் தம்பி. அதுல எங்க பிள்ளைக்கு என்ன கிடைச்சுச்சு? அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை கேக்கலயே"ன்னாங்க. அவ்ளோதான், பைய வச்சுட்டுப் போய்ட்டாங்க.

எனக்கு வாய் வரல. ஏன்னா உண்மையிலேயே நான் கேக்கல. நடந்தது பூரா எனக்கும் அவனுக்கும் நடுவுல நடந்த மாதிரியே நான் தீர்ப்பு சொல்லிட்டேன். என் கோபம், அவன் ஓட்டம், டீமோட மானம், செமி பைனல். யாருக்கு நடந்துச்சோ அந்தப் பிள்ளை இந்தக் கணக்குலயே இல்ல.

உங்க ஒழுங்கு நடவடிக்கைய ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா எனக்கு அந்தப் பத்து ரவுண்டுதான் தெரியுது. வாரியத்துக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவுல ஒரு பஞ்சாயத்து, வாரியத்தோட பேருக்கு களங்கம் வந்துச்சு, அதுக்கு அபராதம், முடிஞ்சது.

2025 ஜனவரில ஆஸ்திரேலியால 3-1ன்னு தோத்துட்டு வந்தப்புறம் பத்து கட்டளை போட்டீங்க. ஜெயிச்சிருந்தா போட்டிருப்பீங்களாங்கிறது உங்க மனசாட்சிக்கு. உள்ளூர் மேட்ச் ஆடணும், டீம் பஸ்லதான் வரணும், பெட்டி இவ்ளோ கிலோவுக்கு மேல கூடாது, சொந்த சமையல்காரர கூட்டிட்டு வரக் கூடாது, டூர் நடுவுல விளம்பரம் நடிக்கக் கூடாது, 45 நாளுக்கு மேல டூர்னா குடும்பம் ரெண்டு வாரம் வந்து இருக்கலாம். மீறுனா ஐபிஎல் ஆடக்கூட தடை வரும்னீங்க. டீம் நடத்துறதுக்கு இதெல்லாம் தேவைதான், நான் மறுக்கல. ஆனா பத்தையும் திரும்பத் திரும்ப படிச்சேன், ஹோட்டல்ல ரூம் கூட்டுற அம்மாகிட்ட எப்படி நடக்கணும், நெட்ல நாள் பூரா பந்து போட்டுக் குடுக்குற ஊர்ப் பையன்கிட்ட எப்படிப் பேசணும், டீம் பஸ் ஓட்டுற டிரைவர், டீமோட வர்ற பொண்ணுங்க, இவங்கள்ல ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார்கிட்ட போய்ச் சொல்றது, இதப் பத்தி ஒரு வரி இல்ல. பெட்டியோட எடைக்கு ஒரு கட்டளை இருக்கு ஐயா.

கேட்டா என்ன நடக்கும்ங்கிறதுக்கு உதாரணம் இங்கிலாந்துல இருக்கு. யார்க்‌ஷயர் கிளப்ல அங்க ஆடுன அசீம் ரபீக் தனக்கு நடந்த நிறவெறிய வெளிய சொன்னாரு. கிளப்பே விசாரிச்சு, ஆமா இவரு பாதிக்கப்பட்டவருதான்னு ஒத்துக்கிட்டு, ஆனா யார் மேலயும் நடவடிக்கை எடுக்குற மாதிரி ஒண்ணும் இல்லன்னு முடிச்சுட்டாங்க. 2021 நவம்பர்ல அந்த மனுஷன் அவங்க நாடாளுமன்றக் குழு முன்னாடி உக்காந்து, கண்ணு கலங்கி, நடந்தத தன் வாயாலயே சொன்னாரு. அதுக்கப்புறந்தான் எல்லாம் அசைஞ்சுச்சு. 2023ல அந்த கிளப்புக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம், அதுல 3 லட்சம் நிறுத்தி வச்சாங்க, அதோட கவுன்டி சாம்பியன்ஷிப்ல 48 பாயின்ட்டும் போச்சு. ஆனா அதுக்குள்ள அவரு குடும்பத்தோட இங்கிலாந்த விட்டே கிளம்ப வேண்டிய நெலமை வந்துருச்சு. கேட்டது நல்லது, லேட்டா கேட்டதால அந்த மனுஷன் இவ்ளோ விலை குடுத்தாரு.

குற்றஞ்சாட்டுனாலே குற்றவாளின்னு நான் சொல்ல வரல, இதையும் தெளிவா சொல்லிடுறேன். இங்கிலாந்து ஆட்டக்காரர் பென் ஸ்டோக்ஸ் 2017 செப்டம்பர்ல பிரிஸ்டல் தெருல நடந்த சண்டைக்காக ஆஸ்திரேலியாவோட நடந்த ஆஷஸ் தொடர் பூரா ஆடல, அடுத்த ஆகஸ்ட்ல நீதிமன்றம் குற்றமில்லன்னு சொல்லிருச்சு. இலங்கை ஆட்டக்காரர் குணதிலக்க 2022 நவம்பர்ல உலகக்கோப்பை நடுவுல சிட்னில கைதானாரு, கிட்டத்தட்ட பதினொரு மாசம் கழிச்சு அங்க நீதிபதி அவரையும் விடுவிச்சாங்க. கோர்ட்டு சொன்னத நான் மதிக்கிறேன். தப்பு செய்யாதவன் மேலயும் சேறு விழுந்தா அதத் துடைக்க ஒரு வழி வேணும்ல, அதுக்கும்தான் வாரியத்துல இருக்குறவங்களுக்கு சொந்தமில்லாத ஒரு விசாரணைக் குழு வேணும்ங்கிறேன், டீம் எப்ப அறிவிக்கிறோம், பைனல் எப்பங்கிறதப் பாத்து நாள் குறிக்காத குழு. ஸ்டோக்ஸுக்கு இங்கிலாந்து வாரியத்து ஒழுங்குக் குழு போட்ட எட்டு மேட்ச் தடைய, ஏற்கனவே ஆடாம விட்ட மேட்ச்லயே கழிச்சுக்கிட்டாங்க. அப்படியெல்லாம் கணக்கு பண்ணா தண்டனைங்கிற சொல்லுக்கு என்ன மதிப்பு சொல்லுங்க.

நான் கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்ல. உங்க ஆட்டக்காரர் ஒருத்தர் யாரையாவது நோகடிச்சுட்டாருன்னா, தண்டனைய முடிவு பண்றதுக்கு முன்னாடி நொந்தவங்க யாருன்னு தேடிப் போங்க. அவங்க பேர் வெளிய வராம, வக்கீலு பட்டாளம் இல்லாம, அவங்களுக்கு வசதியான இடத்துல உக்காந்து கேளுங்க. பேச இஷ்டம் இல்லன்னா விட்டுருங்க, ஆனா கேளுங்க. முடிவு என்னங்கிறது பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியணும். அபராதக் காசு எந்தக் காயத்துக்காக வாங்கினீங்களோ அந்தக் காயம் ஆறுற பக்கம் போகட்டும். பத்து கட்டளை போட்டீங்க, பதினொண்ணாவதா ஒண்ணு, தன்னை விட வலு கொறைஞ்சவங்ககிட்ட எப்படி நடக்கணும்னு எழுதுங்க, நட்சத்திரத்துக்கும் நேத்து வந்த பையனுக்கும் ஒரே மாதிரி.

சின்னப் பசங்கள நினைச்சா எனக்கு இன்னும் கவலை ஜாஸ்தி. வைபவ் சூர்யவன்ஷிய ஏலத்துல ராஜஸ்தான் 1.10 கோடிக்கு எடுத்தப்ப அவருக்கு வயசு 13. பதினாலுல ஐபிஎல்ல 35 பந்துல நூறு அடிச்சாரு, நாங்க இங்க மாமாக் கடைல நாற்காலி மேல ஏறி நின்னு பாத்தோம். அந்த வயசுப் பையன் டிரஸ்ஸிங் ரூம்ல என்னத்தப் பாக்குறானோ அதத்தான் ஆம்பளத்தனம்னு நினைச்சுக்குவான். பேட்டிங் கோச், பவுலிங் கோச், பீல்டிங் கோச், உடம்பு பாக்க நாலு பேரு வச்சிருக்கீங்க. ராத்திரி மேட்ச் முடிஞ்சப்புறம் கூட உக்காந்து பேச ஒரு பெரிய மனுஷன் வேணும், அண்ணன் மாதிரி, தப்பு பண்ணா தோள்ல கை போட்டுக்கிட்டே தப்புன்னு சொல்ற ஆளு. எங்க பவுலர் பையனுக்கு நான் அப்படி இருந்திருக்கணும். நான் விக்கெட்ட எண்ணிக்கிட்டு இருந்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அவனயும் அவங்கப்பாவயும் கூட்டிக்கிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். முன்கூட்டியே போன் பண்ணி, வரலாமான்னு கேட்டுட்டுத்தான். அந்தப் பிள்ளை வெளிய வரல. அம்மாதான் பேசுனாங்க. பையன் அழுதான், மன்னிப்பு கேட்டான், அவங்க தண்ணி குடுத்தாங்க, மன்னிச்சேன்னு சொல்லல. அத அவங்க சொல்லித்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல. அந்த சீசன்ல மிச்ச மேட்ச் எதுலயும் அவன் ஆடல, நான் சொல்லி இல்ல, அவனே வந்து சொன்னான். ஸ்கோர் புக்க இப்ப நான்தான் எழுதுறேன், கூட்டல் தப்பு வருது.

இந்த மடல எழுதி முடிச்சதும் அந்தம்மாவுக்கு போன் பண்ணி, இப்படி உங்க விஷயத்தையும் எழுதியிருக்கேன், பேர் இல்ல, போடவா வேண்டாமான்னு கேட்டேன். மகள்கிட்ட கேட்டு சொல்றேன்னாங்க. மறுநாள் ராத்திரி வாட்சப் வந்துச்சு, அம்மா போன்ல இருந்து, ஆனா எழுதுனது அந்தப் பிள்ளைதான்னு படிச்சதும் தெரிஞ்சுச்சு. ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க அங்கிள், மத்தது இருக்கட்டும்னு. எடுத்துட்டேன்.

இப்படிக்கு,
செந்தூல் பாடாங் பிள்ளைங்களோட கோச்
கோலாலம்பூர்